மலைவீட்டை மஞ்சள் தண்ணீரால் கழுவியது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குப் போகிற துண்டும், மகளுக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிய இரண்டு வரியும்தான் (அதையும் மகள் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்). முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். மெஷினோடு கதைக்கத் தேவையில்லை என்பதால்தான் இத்தனை வருஷமாக அந்த வேலையில் நிலைத்திருக்கிறேன்.

இங்கே ஒக்லாந்தில் எங்கள் சங்க மலருக்குப் பொறுப்பாக இருக்கிற தம்பி தமிழ்நாட்டுக்காரர். தீபாவளி ஒன்றுகூடலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்த சுவிஸ் கதைய எழுதிக் குடுங்க. மலர்ல வந்ததெல்லாம் ஒரே சீரியஸா இருக்கு. நீங்க சொன்னப்ப நான் சிரிச்ச சிரிப்புல காபிய சட்டையில கொட்டிக்கிட்டேன்."

"எனக்கு எழுத வராது தம்பி."

"பேசவும் வராதுன்னுதான் சொன்னீங்க. அப்புறம் நிறுத்தவே இல்லையே?"

(உண்மைதான். கூச்சக்காரரின் வாயைத் திறப்பது கஷ்டம். திறந்துவிட்டால் மூடுவது அதைவிடக் கஷ்டம்.)

ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது நான் பாதியை விட்டுவிடுவேன். சிரிப்பு வருகிற பாதியை மட்டும்தான் சொல்வேன். எழுத உட்கார்ந்தபோது அப்படி விட முடியவில்லை. ஆகவே படித்து முடித்த பிறகு, சிரிப்புக் கட்டுரை என்று சொன்னீர்களே என்று யாரும் அந்தத் தம்பியோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

எனக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா செத்துப்போனார். கொஞ்சக் காலத்தில் அண்ணாவும் நாட்டைவிட்டுப் போனார். சுவிஸில் அகதியாகப் பதிந்தவரை மலைக்கு மேலே ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு நகரத்துக்கு இறங்கி, சமையல்காரராகி, கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. என்னை நியூசிலாந்து மாப்பிள்ளைக்குப் பேசிக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அதன்பிறகு நாங்கள் இருவரும் உலகத்தின் இரண்டு தொங்கலில். அவருக்கு விடியும்போது எனக்கு இருட்டும். போனில் ஒருவர் கதைக்க மற்றவர் கொட்டாவி விடுவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, போன் எடுத்தார். வழக்கமாகக் கத்தரிக்காய் விலையில் தொடங்குகிறவர் அன்றைக்கு அழுகையில் தொடங்கினார். அண்ணாவின் வயிற்றுக்குள் இருந்த கட்டிக்கு இனிமேல் மருந்து ஏற்றுவதில்லை என்று வைத்தியர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

"அவர் ஒண்டும் கேக்கிறாரில்லை பவா. ஒரே ஒரு விசயம்தான் கேக்கிறார். நீயே கதை."

அண்ணா போனை வாங்கி, என்னைக் கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளை, நான் கோப்பை கழுவின ஊரில ஒரு வீடு இருக்கு. முந்நூறு வருசத்துக்கு மேல பழசு. சுவரெல்லாம் பூ வேலைப்பாடு. கோப்பை கழுவிற தொட்டிக்கு மேல ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதால பாத்தா அந்த வீட்டு ஜன்னலும் சிவப்புப் பூச்சாடியும் தெரியும். உதுக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு ஒரு கவலையும் இராது எண்டு நினைச்சுக்கொண்டு கழுவுவன். இப்ப அந்த வீட்டின்ர மேல்மாடியை லீவுக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கினம். ஒரு கிழமைக்கு எடுத்திருக்கிறன். நீ வா. அந்த வீட்டுக்குள்ள நிண்டு என்ர ஜன்னலை ஒருக்காப் பாக்கோணும்."

"பாத்து?"

"பாத்து என்ன? பாக்கிறதுதான்."

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். (வைஃபை இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் மாமா மீது அவளுக்குப் பாசம் பொங்கியது.) விமான நிலையத்தில் அண்ணாவைப் பார்த்தபோது அடையாளம் தெரிந்தது அவருடைய சட்டைதான். நான் அனுப்பிய சட்டை. உள்ளே இருந்தவர் பாதியாகியிருந்தார். அழக்கூடாது என்று விமானத்தில் பாடமாக்கிக்கொண்டு போனதால், "என்ன அண்ணா, சட்டை பெருத்துப் போச்சு" என்றேன். சட்டை பெருக்குமா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளே மச்சாள் காரை ஓட்ட, மலைக்கு ஏறினோம்.

வீடு அண்ணா சொன்னதைவிட அழகு. சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் பூவும் கொடியும் மீனும் வரைந்திருந்தார்கள். சுவர் எவ்வளவு தடிப்பு என்றால், ஜன்னல் திண்டில் ஒரு பிள்ளையைப் படுக்கவைக்கலாம். உள்ளே நிலம், சுவர், கூரை எல்லாம் பலகை. பழைய மரப்பெட்டிக்குள் குடிபோனதுபோல் ஒரு வாசம். நிலத்துப் பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் அகலம். மிதித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகும். வாசல்நிலைகள் எல்லாம் பதிவு, குனிந்துதான் போகவேண்டும். "தலை கவனமாம்" என்று அண்ணா மொழிபெயர்த்துக்கொண்டே டங்கென்று இடித்துக்கொண்டார்.

மொழிபெயர்த்தது வீட்டுக்கார அம்மா சொன்னதை. வெள்ளைத் தலை, நேரான முதுகு, சிரிக்காத முகம். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். எங்களை அறை அறையாகக் கூட்டிச் சென்று காட்டினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விளங்காவிட்டால் தலையாட்டுவது கூச்சக்காரரின் பிறவிப் பழக்கம். 'விளங்கவில்லை' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் திரும்பவும் நம்மைப் பார்த்துக் கதைப்பாரே என்கிற பயம்.

குசினியில் ஒரு அலுமாரியைத் திறந்து அந்த அம்மா வாளியைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து அண்ணா தன் ஜன்னலைத் தேடிப் போய்விட்டார். அந்த அம்மா வாளியைக் காட்டி, நிலத்தைக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி ஜேர்மன் மொழியில் நீளமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். இன்னும் சொன்னார். இன்னும் ஆட்டினேன். அன்றைக்கு வந்தவர்களில் அவருக்கு நம்பிக்கையான ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குள் அண்ணா ஜன்னல் ஜன்னலாகப் போய்வந்துவிட்டார். மூன்று பக்கம் மலைதான். தெருப்பக்க ஜன்னலில் ஒரு பெரிய மரம் கிளைவிட்டு, ஹோட்டலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது.

"அப்ப உது என்ர இடுப்பளவு. வேலை முடிஞ்சு வரேக்க உதின்ர இலையில கை துடைச்சிருக்கிறன்" என்றார். பிறகு ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டினார். மச்சாள் ஓடிப்போய் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு காலம் ஆஸ்பத்திரியில வைச்சுக் காப்பாத்தி, கடைசியில ஜன்னலால விழுந்துதான் போகப்போறாராக்கும்!"

"விடு அம்மா. இன்னும் கொஞ்சம் எட்டினாத் தெரியும்."

தெரியவில்லை. அண்ணா ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள கோப்பை கழுவிற காலத்திலயும் இப்பிடித்தான். ஒரு மாரியில முதலாளி சுத்தியலோட வந்தான். அந்தக் குட்டி ஜன்னலுக்கு ஆணி அடிச்சிட்டுப் போட்டான். ஏனெண்டு சொல்லேல்லை. அதுக்குப் பிறகு எனக்கு இந்த வீடும் இல்லை, காத்தும் இல்லை."

"நாளைக்கு ஹோட்டலடியில போய் நிண்டு வடிவாப் பாப்பமே" என்றார் மச்சாள்.

"வெளியில நிண்டு பாக்கிறதுக்கு நான் ஏன் வீடு எடுக்கிறன்? வெளியில நிண்டு கனகாலம் பாத்திட்டன்."

மச்சாள் போய்க் கோழிக்கறி வைத்தார். அந்தக் கோழிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றைக்கும் நான் சாதிப்பேன்.

ஏனென்றால் அடுத்த நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் அன்றைக்கு விரதம் இருப்பார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், குளித்து, மரக்கறி சமைத்து, அப்பாவின் படத்துக்குப் படைத்து, காகத்துக்கும் வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிடுவது. அன்றைக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய் என்கிற கசப்புக் காயை மச்சாள் நகரத்துத் தமிழ்க்கடையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

காலையில் அண்ணாவுக்கும் மச்சாளுக்கும் தர்க்கம்.

"மாத்திரை சாப்பாட்டோட போடோணும். டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"டொக்டருக்கு அப்பா இருக்கிறார். அவருக்கென்ன தெரியும்?"

"அப்பா வந்து உங்களைக் கேட்டவரோ, பட்டினி கிட எண்டு?"

"இந்த ஒருக்கா விடு" என்றார் அண்ணா. மச்சாள் விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தேவாலயத்துக்கு முன்னால் வெயில் படுகிற மர வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வரப் போனார்கள். ஆரணி காதுக்குள் பாட்டை அடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். நான் சமைக்கவேண்டும். சமைப்பதற்கு முதல் யோசித்தேன். நேற்று இந்தக் குசினியில் கோழி சமைத்திருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த ஆட்கள் என்னென்ன மச்சம் மாமிசம் சமைத்தார்களோ? முந்நூறு வருஷத்து மச்சம்! அப்பாவை இதற்குள்ளா கூப்பிடுவது?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். ஒக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வாடகை வீட்டில் மூலைக்கு மூலை கார்ப்பெட். விரத நாட்களில் வாக்யூம் பிடித்துவிட்டு மஞ்சள் தண்ணீரை விரல் நுனியால் தெளிப்பேன். அது கழுவியதாகுமா? வாளியால் அள்ளி ஊற்றி, தும்புத்தடியால் வரட்டு வரட்டென்று தேய்த்துத் தள்ளி, வீடு குளிர்ந்து கிடப்பதைப் பார்க்கிற திருப்தி எனக்குக் கலியாணத்தோடு போய்விட்டது. அதனால் அன்றைக்கு வாளியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் வெறி பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

மஞ்சள் தூளை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். கொஞ்சம் கூடிவிட்டது. சாமான்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு முதல் வாளியை ஊற்றினேன்.

தண்ணீரைத் தள்ளுவதற்குத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு திரும்பினால், தண்ணீரைக் காணவில்லை.

இரண்டாவது வாளி. அதுவும் ஒரு நிமிஷம் மினுங்கிக்கொண்டு நின்றது. பிறகு பலகைகளின் இடைவெளியால் அமைதியாக இறங்கிப் போய்விட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் தண்ணீர் போக மூலையில் ஒரு ஓட்டைதான் இருக்கும். அந்த மூலைவரைக்கும் தள்ளித் தள்ளி இடுப்பு முறியும். இங்கேயோ வீடு முழுவதும் தானாகவே போகிறது! அந்தக் காலத்திலேயே என்ன யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சுவிஸ்காரரை மனதாரப் பாராட்டிக்கொண்டு மூன்றாவது வாளியையும் ஊற்றினேன். (பாராட்டிய அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.)

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கார அம்மாவின் குரல். ஜேர்மனில் ஏதோ கத்தினார். நான் தும்புத்தடியோடு அப்படியே நின்றேன். நேற்றைய கோழிக்கறி மணத்துக்குத்தான் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் அவர் கதைப்பார். கதைத்தால் நான் பதில் சொல்லவேண்டும். ஆகவே வீட்டில் ஆளில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திரும்பவும் தட்டினார். இப்போது கையை மடக்கிக் குத்துகிற சத்தம். நான் இன்னும் அசையாமல் நின்றேன். பிறகு படியால் தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம்.

தப்பினேன் என்று பெருமூச்சு விட்டு, வாசல் பக்கம் இன்னும் ஊற்றவில்லையே என்று கடைசி வாளியை அங்கே ஊற்றினேன்.

அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, அண்ணாவும் மச்சாளும் மூச்சிரைக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்ததும், அண்ணா நிலத்தையும் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்ததும்தான். தெருவில் ஓடிவந்த வீட்டுக்கார அம்மா அவர்களை வாங்கிலிருந்து கையோடு இழுத்துவந்திருக்கிறார்.

"என்னடி செய்தனி?"

"வீடு கழுவினனான்."

"பலகை வீட்டையா?"

ஆரணி அறையிலிருந்து வந்து ஈரத்தில் ஒரு காலை வைத்தாள். "ஓ மை காட், அம்மா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு இங்கிலீஷிலும் வார்த்தை வரவில்லை.

நாங்கள் எல்லோரும் கீழே போனோம்.

கீழ்வீட்டின் பெரிய அறைக்கு மரக்கூரை. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூ வரைந்திருந்தது. அந்தப் பூக்களுக்கு நடுவால் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூசியும் வைக்கோல் தும்பும் கலந்து, நல்ல ரசம் நிறத்தில். மேசையில் வெள்ளைப் பின்னல் விரிப்பு. அதில் மஞ்சள் வட்டங்கள். அந்த அம்மா வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும், சூப் கிண்ணம், கேக் தட்டு, பூச்சாடி உட்பட, நிலத்தில் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதியில் டொக் டொக் என்றது. அவர் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஏதோ ஒரு கேள்வி கேட்டார்.

"என்னவாம் அண்ணா?"

"ஏனெண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோவன்."

அண்ணா சொல்லத் தொடங்கினார். ஆடி அமாவாசையை ஜேர்மனில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. கையை மேலே காட்டினார், கீழே காட்டினார், நெஞ்சைத் தொட்டார். அந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். அண்ணாவின் முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்ன?"

"இண்டைக்கு எங்கட அப்பா வருவார், அதுக்காகத்தான் கழுவினது எண்டு சொன்னன். நாலு பேருக்குத்தானே பதிஞ்சனீங்கள், கட்டிலும் நாலுதான் இருக்கு, அஞ்சாவது ஆள் எங்க படுப்பார் எண்டு கேக்கிறா."

மச்சாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா செத்துக் கனகாலம் என்று அண்ணா விளங்கப்படுத்தினார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் கட்டில் தேவையில்லை என்று சொன்னாராம். பகிடி விட்டாரா, உண்மையாகத்தான் சொன்னாரா என்பது அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருடைய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. குனிந்து, என் சீலைத் தலைப்பால் மேசை விரிப்பைத் துடைக்கத் தொடங்கினேன். மஞ்சள் இன்னும் நன்றாகப் பரவியது. மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணா, அவவிட்டச் சொல்லுங்கோ, எனக்குத் தெரியாமல்..."

நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலடியில் நின்றார்.

"பிள்ளை, இஞ்ச வா. உதில பார்."

மரத்தின் கிளைகள் எல்லாம் மேலே போய்விட்டன. கீழே அடிமரம் மட்டும்தான். அதைத் தாண்டித் தெரு. தெருவைத் தாண்டி ஹோட்டலின் கற்சுவர். அந்தச் சுவரின் அடியில், நிலத்தோடு ஒட்டி ஒரு சின்னச் சதுரம். பலகை அடித்திருந்தது. ரொட்டி போட்டு வைக்கிற பாண் பெட்டி அளவுகூட இராது. இவ்வளவு சின்ன ஓட்டையால்தான் என் அண்ணா இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

மேலேயிருந்து ஒரு மஞ்சள் சொட்டு அவருடைய மொட்டைத் தலையில் விழுந்து, காதோரமாக இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

அந்த அம்மா மணிக்கூட்டை அணைத்தபடியே எழும்பி வந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணா விரலால் காட்டிச் சொன்னார். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணா திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். வயிற்றை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணால் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"என்ன, என்னவாம்?" என்று மச்சாள் பதறினார்.

"அந்த ஜன்னலால எந்த நேரமும் பொரிச்ச எண்ணெய் மணமும் புகையும் வருமாம். இவவின்ர புருசன் போய் முதலாளியோட சண்டை பிடிச்சவராம். அதுக்குப் பிறகுதானாம் அந்தாள் ஆணி அடிச்சது!" சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "இவ்வளவு நாளா நான் என்ன பிழை விட்டன், ஏன் அடிச்சவன் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன், பிள்ளை."

பிறகு அந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கும் உங்களுக்கும் சரி எண்டு சொன்னன். நீங்கள் என்ர ஜன்னலை அடைச்சனீங்கள், என்ர தங்கச்சி உங்கட கூரையைத் திறந்திட்டா எண்டு."

"சிரிச்சவவோ?"

"இல்லை."

சிரிக்கவில்லைதான். பழைய வீடுகளைப் பார்க்கிற ஆட்களுக்குப் போன் எடுத்தார். ஒருவர் வந்து கரண்டை நிறுத்தினார். கூரைப் பலகைகளைக் கழற்றிக் காயவிட வேண்டுமாம். மேல்வீட்டில் ஆட்கள் இருக்கக்கூடாதாம். அன்று இரவுக்கு மட்டும் இருக்கலாம். விடியப் போய்விட வேண்டும். (செலவைக் காப்புறுதிக்காரர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கத்துக்குக் காப்புறுதி இல்லை.) அண்ணா இன்னும் ஒருமுறை கேட்டார். கெஞ்சுகிற குரல் எந்த மொழியிலும் விளங்கும். அந்த அம்மா தலையை ஆட்டி, "மன்னிக்கவும்" என்பதை அவர்களுடைய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு சொல்லை நான் அன்றைக்குப் பாடமாக்கிக்கொண்டேன். அவருக்கு நான் சொல்லவேண்டிய சொல்.

மேலே வந்ததும் அண்ணாவுக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணா, உங்கட ஒரு கிழமையை நான் பாழாக்கிப் போட்டன்."

"ஓம், பாழாக்கிப் போட்டாய்" என்றார். (என் அண்ணா பொய் சொல்லி ஆறுதல் தருகிற ஆள் இல்லை.) கொஞ்சம் பொறுத்து, "நீ ஊத்தாட்டி நான் கீழ போயிருக்கமாட்டன்" என்றார்.

கரண்ட் இல்லாமல் சமையலும் இல்லை. காத்தோட்டிக்காய் ஐஸ் உருகி ஒரு மூலையில் அழுதுகொண்டு கிடந்தது. பெட்டியில் பாண் இருந்தது, தயிர் இருந்தது, வாழைப்பழம் இருந்தது. ஈரப் பலகையில் துவாயை விரித்து அப்பாவின் படத்தை வைத்து, பாணும் தயிரும் படைத்தோம். கற்பூரம் கொளுத்த எனக்குக் கை வரவில்லை. மரவீட்டுக்குத் தண்ணீரைத்தான் காட்டினேன், நெருப்பையும் காட்டுவதா?

"அப்பாவுக்குப் பாணெண்டாப் பிரியம்" என்றார் அண்ணா.

ஜன்னல் திண்டில் காகத்துக்கு ஒரு துண்டு வைத்து, அண்ணா "கா, கா" என்று கூப்பிட்டார். அந்த மலைப்பக்கத்தில் காகம் மாதிரியே கறுத்த ஒரு பறவை. சொண்டு மட்டும் மஞ்சள். வந்து தூக்கிக்கொண்டு போனது.

"பார், அதுக்கும் மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டாள் உன்ர அம்மா" என்று ஆரணிக்குச் சொன்னார். ஆரணி சிரித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அண்ணா நாலு வாய் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னல் திண்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டார். மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத ஜன்னல்தான். ஆனாலும் அன்று பின்னேரம் முழுவதும் அங்கேயே இருந்தார்.

அந்த மார்கழியில் அண்ணா செத்துப்போனார். உடனே போய்ச்சேர முடியவில்லை. கிரியையை வேலைத்தலத்தில், மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்க, போனில் பார்த்தேன். இப்போது ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் இருக்க நான் மட்டும்தான் மிச்சம்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை பகிடியாகிவிட்டது. நான் வாளியைத் தொட்டாலே இவர் நிலத்தைப் பார்ப்பார். எங்கேயாவது தங்குவதற்கு அறை பதிந்தால் யாராவது ஒருவர், "தாத்தாவுக்கும் சேர்த்துப் பதிஞ்சதோ?" என்று கேட்காமல் விடுவதில்லை. இந்தக் கோடை விடுமுறையில் ரொட்டோருவா போகவென்று இவர் மோட்டல் பதிந்துகொண்டிருந்தார்.

"எத்தனை பேர் எண்டு போட?"

"த்ரீ" என்றாள் ஆரணி. "ப்ளஸ் தாத்தா." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ப்ளஸ் மாமா" என்றாள்.

இவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப கட்டில் போதாது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

கழுவியதற்கு மறுநாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மழை பெய்தது. நிலத்தைக் காய்ந்த துணியால் துடைத்தோம். நான் பாடமாக்கிய சொல்லை வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். மச்சாள் காரை ஓட்டினார். அண்ணா முன் சீட்டில் ஏறியதும் நித்திரையாகிவிட்டார். வீடு வந்துசேரும்வரை எழும்பவில்லை.